கொம்பு ராஜாவின் கண்ணை நான் மூடின நாள்

அன்னைக்கு நம்ம வீட்டு ஹாலில் இருந்தவங்க பேரை முதல்ல எழுதிடறேன். ஜன்னலோரம் வயர் நாற்காலியில பேப்பர் படிச்சுக்கிட்டு உங்க அப்பா மனோகரன். சமையல்கட்டு வாசப்படியில பஜ்ஜித் தட்டோட அப்பாவோட அக்கா, உன் அத்தை புஷ்பம். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து பாசஞ்சர் பிடிச்சு வந்து, மேஜை ஓரத்துல நோட்டும் பென்சிலுமா உன் சிநேகிதன் தேவராஜ். மேஜைக்கு இந்தப் பக்கம் நீ. உன் தோள் பக்கத்துல, கையில பிரஷ்ஷோட உன்னைப் பெத்தவ நான். எதிர் நாற்காலி காலி. அதுல உட்கார்ந்திருந்த உன் இன்னொரு சிநேகிதன் சலீம், சாயந்திரத்து அஸர் தொழுகைக்குத் தெருமுனை மசூதிக்குப் போயிருந்தான். இருந்தவங்க அஞ்சு பேர், இல்லாதவன் ஒருத்தன். பத்து வருஷம் ஓடிப்போச்சு. நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சவ. தேதி மறப்பேன், கண்ணாடியை எங்க வெச்சேன்னு மறப்பேன், யார் எங்க நின்னாங்க, இன்னா சொன்னாங்கன்றது மட்டும் மறக்கமாட்டேன். என் கல்யாணத்தன்னைக்கு உங்க அத்தை என் புடவை முந்தானையைத் தொட்டுப் பார்த்துட்டு 'பரவாயில்லை'ன்னு சொன்னா. இப்ப அவ காது கேக்காம கட்டில்ல கிடக்கிறா, நான்தான் கஞ்சி ஊத்தறேன். ஒவ்வொரு கரண்டிக்கும் அந்த 'பரவாயில்லை' ஞாபகம் வருது. என் சுபாவம் அப்படி. அதைத் தெரிஞ்சுக்கிட்டு மேல படி.

வர்ற வெள்ளிக்கிழமை நீ உன் பொண்டாட்டி கிரேஸையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு எத்தியோப்பியா போற. அங்க ஒரு ஷூ கம்பெனியில குவாலிட்டி இன்சார்ஜ். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், பெருமையாத்தான் சொன்னேன். போன திங்கக்கிழமை பரண்லேருந்து சாமானெல்லாம் இறக்கினப்ப அந்த ஷூ அட்டைப்பெட்டி வந்துச்சு. நூல் கட்டியிருந்தது அப்படியே இருந்துச்சு. உன் பொண்ணு ஜெனி அவுத்துட்டா. பொம்மைகளை வரிசையா தரையில நிக்க வெச்சுட்டு, "ஆயா, எல்லாம் கண்ணை மூடிக்கிட்டிருக்கு, இந்த ராணி மட்டும் ஏன் முழிச்சிட்டிருக்கு?"ன்னு கேட்டா. நீ பாஸ்போர்ட் ஜெராக்ஸை அடுக்கிக்கிட்டே, தலையைக்கூடத் திருப்பாம, "அதெல்லாம் குப்பைடா செல்லம், ஆயா தூக்கிப் போட்டுடுவாங்க"ன்னே. அதுக்கப்புறம் கால் ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது. ஜெனியோட கோடு போட்ட நோட்டுல நாலு வரி எழுதறேன். எழுந்து போய்க் குழாயில தண்ணி வருதான்னு பார்க்கறேன். காயாத துணியைத் திருப்பிப் போடறேன். அத்தைக்குப் போர்வை விலகியிருக்கான்னு பார்க்கறேன். திரும்ப வந்து உட்கார்றேன். நேர்ல சொல்லலாம்தான். நேர்ல சொன்னா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு செல்போனைப் பார்ப்பே. காகிதம்னா முடிக்கிற வரைக்கும் அது உன்கிட்ட பேசிக்கிட்டே இருக்கும்.

அந்த விளையாட்டு எப்படி ஆரம்பிச்சதுன்னு உனக்கே மறந்திருக்கும். நீங்க மூணு பேரும் பி.எஸ்ஸி. முதல் வருஷம். சலீமோட சித்தப்பா வேலை செய்த கம்பெனிக்கு வெளிநாட்டுலேருந்து ஆர்டர் பார்க்க வந்தவன் ஒரு புஸ்தகத்தை விட்டுட்டுப் போய்ட்டான். உள்ள முழுக்க கட்டைவிரல் உசரம் பொம்மைச் சிப்பாய்ங்க. கொம்பு வெச்சது, செட்டை வெச்சது, மிருகத்து மேல ஏறினது. மேஜை மேல மலை, ஆறு, கோட்டையெல்லாம் செஞ்சு வெச்சு, பெரிய ஆம்பளைங்க சுத்தி நின்னு சண்டை விளையாடற படம். இங்கிலீஷை நீங்க மூணு பேருமா உட்கார்ந்து பாதி படிச்சீங்க, மீதியைக் கற்பனை பண்ணிக்கிட்டீங்க. வாங்கறதுக்கு வழியில்லை. ஆம்பூர்ல அதெல்லாம் எங்க கிடைக்கும். "நாமளே செஞ்சுக்கலாம் தோஸ்த்"னு முதல்ல சொன்னவன் சலீம்தான். அதையும் நீ மறந்திருப்பே.

உங்க அப்பா தோல் ஷாப்புல தோலை ஊறவெச்சு உருட்டற ட்ரம் ஓட்டினவர். ஒரு நாள் கழிச்சுக் கட்டின முழுத்தோல் ஒண்ணைச் சொல்லிக் கேட்டு, சைக்கிள் பின்னாடி சுருட்டிக் கொண்டாந்தார். கலர் ஏத்தாத எருமைத்தோல். முள்கம்பி கிழிச்ச தழும்பு, உண்ணி கடிச்ச புள்ளி, சூடு போட்ட வட்டம்னு ஒரு நல்ல இடம் கிடையாது அதுல. அதுக்குத்தான் அதைத் தள்ளினாங்க. நீங்க அதை மேஜை மேல விரிச்சீங்க. சலீம் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, நீளமான முள்கம்பித் தழும்பு மேல விரலை வெச்சு, "இது ஆறு"ன்னான். சூடு போட்ட வட்டம் கோட்டை. உண்ணிப் புள்ளிங்க ஊருங்க. கழுத்துப் பக்கம் மடிப்பு மடிப்பா இருந்தது மலை. அது உன் நாடு, ஏலகிரியைப் பார்த்து வளர்ந்தவன் நீ, மலைதான் வேணும்னே. வயித்துப் பக்கம் தொளதொளன்னு இருந்த சேத்து நிலம் சலீம் நாடு. எந்தக் கம்பெனியும் வேணாம்னு தள்ளின தோல்ல நீங்க ரெண்டு ராஜ்ஜியம் கட்டினீங்க. தேவராஜுக்கு நாடு வேணாம். நோட்டை வெச்சுக்கிட்டு நடுவனா இருக்கறதுதான் அவனுக்குப் பிடிச்சுது. எவன் எங்க நகர்ந்தான், எவன் செத்தான், எல்லாம் அவன் கையெழுத்துல இருக்கும். மூணு வருஷம் ஞாயித்துக்கிழமையெல்லாம் அந்தச் சண்டைதான்.

பொம்மை செஞ்சது நீங்க. ஒழுகற குழாயை அடைக்கிற பசையைப் பிசைஞ்சு உடம்பு, உடைஞ்ச மிஷின் ஊசி வாள், ஷூவுல கயிறு கோக்கிற ஓட்டைக்கு அடிக்கிற பித்தளை வளையம் கேடயம், சோல் ரப்பர்ல வட்டமா வெட்டினது காலடி. ஆனா கலர் வெச்சவ நான். நீங்க வெச்ச கலரைப் பார்த்தேன், அம்மாவாசை இருட்டுல சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருந்துச்சு. பதினேழு வருஷமா ஷூ கம்பெனி ஃபினிஷிங்ல எட்ஜ் கலர் வெச்ச கை என்னுது. வெட்டின தோலோட ஓரம் பச்சையா வெளிய தெரியும், அந்த ஓரத்துல மட்டும் பிரஷ்ஷால கலர் ஓட்டணும். மேல ஒரு சொட்டுப் பட்டா அந்த ஜோடி போச்சு. அந்தக் கையால ஒரு அரிசி அளவு முகத்துக்குப் புருவம் வெக்கிறது கஷ்டமில்லை. கவசத்துக்கு முதல்ல வெள்ளிக் கலர், அது காஞ்சதும் மேல கறுப்பு, அதுவும் முக்கால்வாசி காஞ்சதும் துணியால துடைச்சு எடுப்பேன். மேட்டுல வெள்ளி மின்னும், பள்ளத்துல கறுப்பு நிக்கும். கம்பெனியில விலை ஜாஸ்தியான ஷூவுக்கெல்லாம் அப்படித்தான் பண்ணுவோம். கலர் எங்கேருந்து வந்ததுன்னு நீ கேட்டதே இல்லை. இப்ப சொல்றேன். கம்பெனி கேட்டுல டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்வாங்க, ஊறுகா டப்பாவைத் திறக்கச் சொல்லமாட்டாங்க. கிண்ணத்து அடியில மீந்ததை அதுல ஊத்திக்கிட்டு வருவேன். மீந்ததுதான், கொட்டப் போறதுதான். ஆனாலும் கேக்காம எடுத்தது எடுத்ததுதான். ஒரு தடவை உங்க அப்பா தயிர்சோத்துக்கு அந்த டப்பாவைத் திறந்து, சிவப்பா இருக்குதேன்னு ஸ்பூனை விட்டுட்டார். "இன்னாடி இது, ஆவக்கா ஷூ நாத்தம் அடிக்குது"ன்னார். நீயும் சலீமும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு நம்ம வீட்டுல அதுக்கப்புறம் அவ்வளவு சத்தமா கேக்கலை.

கண்ணோட சட்டம் எப்படி வந்துச்சுன்னும் எழுதறேன். முதல் வருஷம் சண்டையில செத்த சிப்பாயை அடுத்த வாரம் நைசா நிக்க வெச்சுடுவீங்க, நீயும்தான், அவனும்தான். "இவன் செத்துட்டான்டா." "எங்கடா செத்தான், மயக்கம்தான்." கத்தல் தாங்கலை. ஒரு நாள் நான் கடுப்புல கறுப்புக் கலரை எடுத்து, செத்ததா தேவராஜ் எழுதின பொம்மைங்க எல்லாத்துக்கும் கண்ணு மேல ஒரு கோடு போட்டுட்டேன். "இனிமே எழுந்திரிக்கட்டும் பார்க்கறேன்"னேன். அதைச் சட்டமாவே ஆக்கிட்டீங்க. பொம்மை முதல் சண்டைக்கு வர்ற அன்னைக்கு அம்மா கண்ணைத் தொறப்பாங்க, செத்த அன்னைக்கு அம்மா கண்ணை மூடுவாங்க, மூடின கண்ணு மூடினதுதான். உங்க அத்தை கேலி பண்ணினா. "பொம்மைக்கு இன்னாத்துக்கு அடக்க ஆராதனை? ஒரு பாட்டும் பாடிடு"ன்னா. சலீம்தான் பதில் சொன்னான். "அம்மா யார் பக்கமும் இல்லை அத்தை. அதனாலதான் அவங்க கையில குடுத்திருக்கோம்." அவன் சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கம்பெனியில பதினேழு வருஷத்துல ஒருத்தனும் என்னை நம்பி எதையும் கையில குடுத்ததில்லை. சூப்பர்வைசர் நான் முடிச்ச ஜோடியை என் கண்ணு முன்னாடியே திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஒரு துலுக்க வீட்டுப் பையன் என்னை நியாயஸ்தி ஆக்கினான். நான் அதைக் காப்பாத்தலை.

உன் ராணிக்குக் கலர் வெக்கப் பதினோரு நாள் ஆச்சு. கடைசிச் சண்டைக்குன்னு நீ செஞ்சது. சிறுத்தை மேல உட்கார்ந்திருப்பா, கையில ஊசி வாள். முகத்துக்கு மட்டும் மூணு தடவை கலரைத் துடைச்சுட்டுத் திரும்ப வெச்சேன். யார் சாயலும் இல்லாம ஒரு முகம். ஆனா அவ வலது கையில மணிக்கட்டுக்கு மேல பொட்டு அளவுக்கு ஒரு தழும்பு போட்டேன். என் கையில பசைச் சட்டி கவுந்து சுட்ட தழும்பு இருக்கே, அதே இடத்துல. நீ அதைக் கவனிக்கலை. யாருக்கும் தெரியாது. அந்த ஞாயித்துக்கிழமை காலையில கோயிலுக்குப் போய்ட்டு வந்ததும் அவளுக்குக் கண்ணைத் தொறந்தேன். தொறந்த உடனே அவ என்னைப் பார்த்தா. பொம்மைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தா.

அந்த மாசம் உனக்கு எப்படிப் போச்சுன்னும் எனக்குத் தெரியும். ஷூ டிசைன் படிக்க மெட்ராஸுக்கு நீயும் சலீமும் சேர்ந்துதான் எழுதிப் போட்டீங்க. அவனுக்கு சீட்டு வந்துச்சு, உனக்கு வரலை. நீ மூணு நாள் சரியா சாப்பிடலை. அவன் அடுத்த வாரம் போறான்னுதான் அன்னைக்குக் கடைசிச் சண்டைன்னு வெச்சீங்க. அவனோட கொம்பு ராஜா ஆத்து நடுவுல, முள்கம்பித் தழும்பு மேல நிக்கிறான். உன் ராணி அவன் முன்னாடி. மத்ததெல்லாம் செத்தாச்சு. ராணி காலடி ரப்பர் ஓரம் வெளுத்திருந்துச்சு, கறுப்பு வெச்சுக் குடுத்தேன். "காயலைடா, ஓரத்தைத் தொடாதே"ன்னு சொன்னேன். நீ தொட்டு நகர்த்தினே. அப்பத்தான் பாங்கு சொன்னாங்க. சலீம் எழுந்தான். "உன் ஆட்டத்தை நீ போட்டுக்கோ தோஸ்த். அஞ்சோ ஆறோ விழுந்தா என் ராஜா காலி. வந்து பார்த்துக்கறேன்." நீ, "இருடா, வந்தப்புறம் போடறேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவன் செருப்பு மாட்டிக்கிட்டுப் போய்ட்டான்.

போட்டோ ரோல் வர்ற கறுப்பு டப்பாவுல வெள்ளைப் பகடையைப் போட்டுக் குலுக்கிக் கவுக்கணும். பகடையைக் கையால தொடக் கூடாது, அது உங்க சட்டம். நீ கவுத்தே. தோல் மேல விழுந்தா சத்தம் வராது. அதனால யாரும் காதால கேக்கலை, கண்ணாலதான் பார்த்தோம். ரெண்டு. கறுப்பா ரெண்டு புள்ளி, நான் இருந்த இடத்துலேருந்து தெளிவாத் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் நீ அதையே பார்த்துக்கிட்டிருந்தே. அப்புறம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டுபோய் அதைத் திருப்பி வெச்சே. "ஆறு"ன்னே. தேவராஜ் பென்சில் நோட்டுல பட்டபடி நின்னுச்சு. அவன் உங்க அப்பாவைப் பார்த்தான். உங்க அப்பா படிச்சு முடிக்காத பக்கத்தைத் திருப்பினார். அத்தை பஜ்ஜித் தட்டைப் பார்த்தா. தேவராஜ் குனிஞ்சு 'ராஜா மரணம்'னு எழுதினான். நீ என்னைப் பார்க்காமலே, "அம்மா, மூடு"ன்னே.

நான் மூடினேன். ஒரே கோடு, பிசிறில்லை. பதினேழு வருஷத்துக் கை.

ஏன்னு சொல்றேன், கேட்டுக்கோ. நீ என் பிள்ளைன்னு மட்டுமில்லை. ரெண்டுதான்னு சொன்னா அடுத்தது சலீம் ஆட்டம். ராணி ஆத்துல தனியா நிக்கிறா. அவன் போட்டா அவ செத்தாலும் சாவா, அப்ப அந்தக் கண்ணை நான்தான் மூடணும். காலையில தொறந்த கண்ணு. என்னால முடியாதுன்னு தோணுச்சு. ஒரு பொம்மைக்காக ஒரு பையனைக் கவுத்தேன். உனக்கு சீட்டு வராத துக்கம், எனக்கு ராணி. அப்பாவுக்கும் அத்தைக்கும் அது நம்ம வீடு, நம்ம பையன். போனவன் அவங்க ஆளுங்க கிட்டத்தானே போயிருக்கான்ற நினைப்பு. யாரும் வாயால சொல்லலை. ஆனா அந்த ஹாலில் அது இருந்துச்சு, பஜ்ஜி வாசனை மாதிரி.

சலீம் தலையில கைக்குட்டையோட திரும்பி வந்தான். "இன்னாச்சு? செத்துட்டானா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். மேஜைகிட்ட வந்து பகடையை எடுத்தான். ஆறு புள்ளி மேல் பக்கமா இருந்துச்சு. அதோட ரெண்டு பக்கத்துலயும் கறுப்பா விரல் ரேகை. ராணி காலடியிலேருந்து உன் விரல்ல ஒட்டின ஈரக் கலர். அவன் பகடையை விரல்ல வெச்சு ஒரு தடவை சுத்திப் பார்த்தான். உன் கையைப் பார்த்தான். உன் கை மேஜைக்கு அடியில இருந்துச்சு. அப்புறம் என்கிட்ட கேட்டான்.

"அம்மா, இன்னா விழுந்துச்சு?"

"கண்ணை மூடிட்டேன்பா."

"சரிம்மா."

தலைக் கைக்குட்டையை அவுத்து ராஜாவை அதுல சுத்தினான். உங்க அத்தை, "பஜ்ஜி சாப்பிட்டுட்டுப் போடா"ன்னா. மரியாதைக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டான். கடிக்கலை. கையில பிடிச்சபடியே படி இறங்கிப் போனான். மத்த பொம்மைங்களைக் கேட்டு வரவே இல்லை. அடுத்த வாரம் மெட்ராஸ் போய்ட்டான். நீ ஒரு மாசம் கழிச்சு, "அவனுக்குப் பெரிய படிப்பு வந்துடுச்சும்மா, நம்மளையெல்லாம் மறந்துட்டான்"னே. அத்தையும் ஆமான்னு தலையாட்டினா. நான் ரசம் தாளிச்சுக்கிட்டிருந்தேன். அந்தப் பொய்க்கு முன்னாடி 'ஆறு'ன்னது ஒரு சின்னப் பொய்.

எழுந்து போய்ட்டு வந்தேன். தண்ணி இன்னும் வரலை.

உங்க அப்பா அடக்கத்தன்னைக்குக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளிய சலீம் நின்னான். உள்ள வரலாமா கூடாதான்னு தெரியாம நின்னான். நீ அவனைப் பார்த்தே. பார்த்துட்டு, பெட்டி தூக்கறவங்ககிட்ட என்னமோ சொல்றாப்போல திரும்பிக்கிட்டே. வெள்ளைப் புடவையோட நான் இருந்தேன், எல்லாரும் நான் அழறேன்னு நினைச்சிருப்பாங்க. நான் உன் முதுகைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ நல்ல பிள்ளைதான். அப்பாவைக் கடைசி வரைக்கும் தூக்கிக் குளிப்பாட்டினே. என்னை ஒரு நாள் தனியா விட்டதில்லை. ஆனா ஒரு விஷயம் கவனிச்சிருக்கேன். கிரேஸ் எதையாவது கேட்டா, நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்கறே. திருப்பி வெச்சுட்டுத்தான் சொல்றே. இப்ப போற வேலை இன்னா வேலை? மத்தவங்க செஞ்ச ஷூவைப் பார்த்து இது பாஸ், இது ரிஜெக்ட்னு சொல்ற வேலை. அங்கேயும் எட்ஜ் கலர் வெக்கிற பொம்பளைங்க இருப்பாங்க. உன் வாயைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. அந்த ஊர்க் குளிரு, சாப்பாடு, எதைப் பத்தியும் எனக்குக் கவலை இல்லை. ஊறுகா கட்டி வெச்சிருக்கேன். இதைப் பத்தித்தான்.

போன புதன்கிழமை நான் சலீம் கடைக்குப் போனேன். கத்திரிக்கா வாங்கப் போறேன்னு உன்கிட்ட சொன்னேன் பாரு, அன்னைக்குத்தான். அதுவும் ஒரு பொய், அதுக்கு நானே பொறுப்பு. மெட்ராஸ்ல படிச்சு முடிச்சு, கொஞ்ச நாள் வேலை பார்த்து, அவங்க வாப்பா போனப்புறம் திரும்பி வந்து பஜார்ல ஷூ சாமான் கடை வெச்சிருக்கான். அது உனக்கும் தெரியும், அதனாலதான் நீ பஜாருக்குப் போகாம சுத்திக்கிட்டு வர்றே. நூல்கண்டு, பசை டின், பித்தளை வளையம்னு கடை நிறைய அடுக்கியிருக்கு. தாடியில ஒண்ணு ரெண்டு நரை. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைச்சுப் போட்டான்.

"வாங்கம்மா. கால் வலி எப்படியிருக்கு?"

"கால் வலின்னு உனக்கு யார் சொன்னா?"

"நடக்கிறதைப் பார்த்தா தெரியாதா? டீ சொல்லட்டுமா?" சொல்லிக்கிட்டே ஒரு அட்டையைத் திறந்து வெச்சான். ஆற்காட்டு மக்கன் பேடா. "சக்கரை இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. குடு."

சாப்பிட்டுக்கிட்டே நிமிர்ந்தேன். அவன் தலைக்குப் பின்னாடி கண்ணாடி அலமாரியில, வளைய டப்பாங்க நடுவுல கொம்பு ராஜா நிக்கிறான். நான் துடைச்செடுத்த வெள்ளி இன்னும் மங்கலை. கண்ணு மேல என் கோடு. பாதி பேடாவை அட்டையிலேயே வெச்சேன். பையிலேருந்து பிரஷ்ஷையும் வெள்ளைக் கலரையும் எடுத்தேன். அதுக்குத்தான் போனேன்.

"சலீமு, அன்னைக்கு விழுந்தது..."

"சொல்லாதீங்கம்மா." கையைக் காட்டி நிறுத்தினான். கோபமா இல்லை. "எனக்குத் தெரியும். நீங்க சொல்லக் கூடாது."

"கண்ணையாவது தொறந்துடறேன்பா."

"வேணாம்மா. போட்டவன் சொல்லணும். அவன் வந்து இன்னா விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் தொறங்க."

"என் மேல உனக்குக் கோபமில்லையா?"

"நீங்க ஆறு விழுந்துச்சுன்னு சொல்லலையே. கண்ணை மூடிட்டேன்னுதானே சொன்னீங்க. அதை ரொம்ப நாள் யோசிச்சேன். அம்மா என்கிட்ட பொய் சொல்லலைன்னு."

"அது பொய்யைவிட மோசம்பா."

"மோசம்தான்." சிரிச்சான். "எங்க வீட்டுல அவன் எழுந்து போயிருந்து, நான் போட்டு, என்னைப் பெத்த அம்மி பக்கத்துல நின்னிருந்தா அவங்க இன்னா பண்ணியிருப்பாங்கன்னும் யோசிச்சேன். தெரியலைம்மா. அதனாலதான் கோபம் நிக்கமாட்டேங்குது."

கிளம்பறப்ப கேட்டேன், ராணி எங்கிட்டதான் இருக்கா, அவளையும் கொண்டாரட்டுமா, அவ சாக வேண்டியவதானேன்னு. டீ கிளாஸை எடுத்து வெச்சுக்கிட்டே, "யார் சொன்னது? என் ஆட்டத்தை நான் இன்னும் போடவே இல்லையே"ன்னான்.

பத்து வருஷமா ஆட்டம் அங்கேயே நிக்குது, கேட்டியா? நீ முடிஞ்சுதுன்னு நினைச்சுப் பரண்ல ஏத்தினே. அவன் தொழுதுட்டு வந்து உட்கார்ந்தவன் மாதிரி, தன்னோட முறைக்காகக் காத்துக்கிட்டிருக்கான். கொடுக்கல் வாங்கல் ஒண்ணும் இல்லை, சொத்துச் சண்டை இல்லை. ஒரு வார்த்தை. ரெண்டு. அதைச் சொல்றதுக்கு இன்னா படிப்பு வேணும்?

இந்தக் காகிதத்தோட உறையில அந்தப் பகடை இருக்கு. அன்னைக்கு சாயந்திரமே எடுத்து என் ஊசி டப்பாவுல வெச்சுட்டேன். சோப்பு போட்டுக் கழுவலை, கழுவினாலும் போகாது. எட்ஜ் கலர் வெச்சா வெச்சதுதான், உனக்கே தெரியும். உன் கட்டைவிரல் ரேகை ஒரு பக்கம், சுட்டுவிரல் ரேகை மறுபக்கம். சின்ன வயசு ரேகை. பாஸ்போர்ட்டுக்குக் குடுத்த பேர், ஊர், விலாசம் எல்லாம் போல இதுவும் நீதான். பெட்டியை நான் குப்பையில போடலை. ராணியையும் மடிச்ச தோலையும் சலீம் கடையில குடுத்து வெச்சிருக்கேன்.

வெள்ளிக்கிழமை காலையில நான் ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். டாட்டா காட்டமாட்டேன். ஜெனிகிட்ட முந்தின நாளே சொல்லிடுவேன், அவ அழுதா அழட்டும். பஜார்ல சலீம் கடையில, அந்த ஸ்டூல்ல, பிரஷ்ஷும் வெள்ளைக் கலருமா உட்கார்ந்திருப்பேன். ஜும்மாவுக்குக் கடை சாத்தற வரைக்கும் இருப்பேன். உன் ஆட்டோ அந்த வழியாத்தான் போகணும். சுத்து வழியில போனா ரயில் போய்டும், நேரம் பார்த்துத்தான் சொல்றேன். நீ இறங்கறியா, ஆட்டோக்காரன்கிட்ட வேகமாப் போன்னு சொல்றியான்றது உன் இஷ்டம். தூரத்துலேருந்து போன்ல சொல்றேன்னு மட்டும் சொல்லாதே. பகடை போட்ட தோலை வெச்சுக்கிட்டு, ஆள் முன்னாடி சொல்லணும்.

முதல்ல எழுதின பேருங்களுக்குத் திரும்ப வர்றேன். உங்க அப்பா பக்கத்தைத் திருப்பினார், கேளாம இருந்தார். ஆனா சாகறதுக்கு நாலு நாள் முன்னாடி, "அந்தப் பையன் வந்தானா?"ன்னு என்னைக் கேட்டார். அவரை மன்னிச்சுட்டேன். தேவராஜ் வேணும்னே தப்பா எழுதினான். இப்ப ரயில்ல டிக்கெட் பார்க்கிறான், போன வருஷம் என்னைப் பார்த்தப்ப கண்ணுல தண்ணி விட்டான். அவனையும் விட்டுட்டேன். புஷ்பத்துக்கு 'பரவாயில்லை'க்கு மன்னிப்பு கிடையாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இதை எழுதி முடிக்கிறதுக்குள்ள அதுவும் போய்டுச்சு போல, இன்னைக்குக் கஞ்சி ஊத்தறப்ப ஞாபகம் வரலை. என்னை மன்னிக்கிற வேலையை சலீம் எடுத்துக்கிட்டான், அதுல நான் தலையிடலை. இருந்த அஞ்சு பேர்ல நாலு பேர் ஆச்சு. பாக்கி ஒரு ஆள். அவன் வாயால 'ரெண்டு'ன்ற வார்த்தை வர்ற வரைக்கும், நான் பெத்தவளா இருந்தாலும், கல்லறைத் தோட்டத்துல அவன் அப்பா பக்கத்துல போய்ப் படுத்தாலும், மன்னிக்கமாட்டேன். அவன் பேரைப் பாஸ்போர்ட்டுல இருக்கிற மாதிரியே, அப்பா பேரோட சேர்த்து முழுசா எழுதறேன், வேற யாரையோ சொல்றதா நினைச்சுக்கக் கூடாதுன்னு.

மனோகரன் எட்வின் ஜெயசீலன்.